18-க்கு 24 படுதா: ஏழு மழைக்காலம் போட்டு எடுத்த பிறகு எழுதுகிறேன்

பொருள்: நெய்த பாலிதீன் படுதா (தார்ப்பாய்). 18 அடிக்கு 24 அடி, 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் 250 கிராம்). வாங்கியது 2018 டிசம்பரில், திருத்துறைப்பூண்டியில். அப்போது விலை 2,600 ரூபாய்.

படுதாவைப் பற்றி எழுத என்னம்மா இருக்கிறது என்று என் மகன் கேட்டான். எங்கள் வீட்டுக்கு இதுவரை மூன்று படுதா வந்திருக்கிறது. ஒன்று சுனாமிக்கு அக்காவுக்குக் கிடைத்து, பிறகு என்னிடம் வந்தது. ஒன்று கஜா புயலுக்கு நிவாரணமாக வந்தது. மூன்றாவது நான் காசு கொடுத்து வாங்கியது. மூன்றையும் வெயிலிலும் மழையிலும் போட்டுப் பார்த்திருக்கிறேன். அதனால் நான் வாங்கியதைப் பற்றி மட்டும் தனியாக எழுத முடியவில்லை. மற்ற இரண்டும் கூடவே வருகின்றன.

எங்கள் ஊர் வேதாரண்யம் தாலுகாவில். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மாமரம், ஆறு மா (ஏறத்தாழ இரண்டு ஏக்கர்) நிலத்தில் சம்பா நெல். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா எங்கள் தலைக்கு மேலேதான் கரை ஏறியது. அன்று இரவு நாட்டு ஓடு ஒவ்வொன்றாகப் பறந்து விழுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டே மாமியாரோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தேன். விடிந்து பார்த்தால் கூரையில் பாதி இல்லை, தோப்பில் மரமே இல்லை. எங்கள் பக்கத்தில் அந்த வாரம் பணத்தைவிடப் பெரிய பொருள் படுதாதான். நெல் நனைகிறது, மாடு நனைகிறது, பிள்ளைகளின் புத்தகம் நனைகிறது.

ஐந்தாம் நாள் ஒரு நீலப் படுதா கிடைத்தது. 12-க்கு 15. கொடுத்தவர்கள் யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் அவர்கள் பெயர் அதில் ஒரு முழ உயர எழுத்தில் குறுக்காக அச்சடித்திருந்தது. வரிசையில் நிற்க வைத்து, பெயர் தெரிகிற மாதிரி ஆளுக்கு ஒரு மூலையைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். என் மாமியார் அன்று காலையில்தான் மண்ணில் விழுந்து கை வீங்கி இருந்தார். அவரையும் பிடிக்கச் சொன்னார்கள். அதே நாளில் வேறொரு லாரியும் வந்தது. மெயின் ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவில் யார் முதலில் இறக்குவது என்று இரண்டு தரப்புக்கும் தகராறு, அரை மணி நேரம். ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிற காலனிக்கு அன்றும் யாரும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. மரம் கிடக்கிறது, வண்டி போகாது என்றார்கள். எங்கள் பையன்கள் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் இரண்டு மணி நேரத்தில் வழி விட்டார்கள்.

அந்த நீலப் படுதாவைக் கூரையில் போட்டுக் கட்டிய மூன்றாம் நாளே, காற்று பெரிதாக இல்லாத நேரத்தில், ஓர வளையங்கள் பிய்த்துக்கொண்டு வந்தன. பொங்கலுக்குள் பெயர் எழுதிய இடம் மட்டும் மிச்சம், மற்றதெல்லாம் நார் நாராக உதிர்ந்தது. அந்த நாரை மாடு தின்றுவிடாமல் பொறுக்கியதே எனக்கு ஒரு வேலையாகப் போனது.

திருத்துறைப்பூண்டியில் சாக்கு, கயிறு, படுதா விற்கிற பழைய கடை ஒன்று இருக்கிறது. பாய் ஒருவர் நடத்துகிறார். அந்த டிசம்பரில் அங்கே போய் நின்றபோது, நீலப் படுதாவின் கதையைச் சொல்லிக் கொஞ்சம் அழுதுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு கட்டைத் தூக்கித் தராசில் வைத்தார். "தங்கச்சி, என் வாய்ப்பேச்ச நம்ப வேணாம், எடையப் பாருங்க" என்றார். ஒன்பது கிலோ தொள்ளாயிரம்.

அன்று அவர் கற்றுக்கொடுத்த கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். இந்த விமர்சனத்தில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் படுதா எத்தனை கிராம் என்கிற எண். 18-க்கு 24 என்றால் 432 சதுர அடி, அதாவது 40 சதுர மீட்டர். 250 ஜி.எஸ்.எம். உண்மையாக இருந்தால் மொத்தம் 10 கிலோ வர வேண்டும். ஏழு கிலோதான் வருகிறது என்றால் மேலே என்ன அச்சடித்திருந்தாலும் அது 175-தான். வீட்டுக்கு வந்து, அப்போது இன்னும் கிழியாமல் மடித்து வைத்திருந்த இன்னொரு நீலப் படுதாவை, பக்கத்து வீட்டு அண்ணியுடையதை, நிறுத்துப் பார்த்தேன். ஒன்றேகால் கிலோ. 12-க்கு 15 என்பது 16.7 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் 75 ஜி.எஸ்.எம். ஊருக்கே 75-ஐக் கொடுத்துவிட்டு, முழ உயரத்துக்குப் பெயர் போட்டிருக்கிறார்கள்.

சரி, நான் வாங்கியதன் தரம். நாலு ஓரமும் உள்ளே கயிறு வைத்து மடித்து, சூட்டில் ஒட்டியிருக்கிறது. தையல் இல்லை, அதனால் ஊசி ஓட்டை வழியாக ஒழுகுவதும் இல்லை. மூன்று அடிக்கு ஒரு அலுமினிய வளையம். ஏழு வருஷத்தில் மூன்று வளையம்தான் கழன்றது, மூன்றும் நான் தவறாக இழுத்துக் கட்டிய மூலையில். வெயில் தாங்கும் யு.வி. பூச்சு இருப்பதாகச் சொன்னார்கள். அறுவடைக்கும் மழைக்கும் மட்டும் வெளியே எடுத்து, மற்ற நாட்களில் மடித்துப் பரணில் வைப்பதால் நிறம் வெளுத்ததே தவிர மேல் படலம் உரியவில்லை. வருஷம் முழுக்கக் கூரையிலேயே கிடந்தால் இந்த ஆயுள் வராது. தோப்புக் கொட்டகையில் அப்படிப் போட்ட என் மச்சானுக்கு மூன்றாம் வருஷமே போய்விட்டது.

இனி, சுனாமிக்கு அக்காவுக்குக் கிடைத்த வெள்ளைப் படுதா.

அக்காவை நாகப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தானுக்கு அக்கரைப்பேட்டையில் ஐஸ் கம்பெனியில் வேலை, வீடும் அங்கேயே. 2004 டிசம்பர் 26 அன்று அவர்கள் வேளாங்கண்ணிக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வந்திருந்ததால் உயிர் பிழைத்தார்கள். திரும்பிப் போனபோது வீடு இருந்த இடத்தில் ஒரு விசைப்படகு கிடந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். தற்காலிகக் குடியிருப்பு என்று தார் ஷீட் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். மாசி கடந்தால் அதற்குள் உட்கார முடியாது. சட்டியில் வைத்து வறுப்பது போல இருக்கும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா பகல் முழுக்க வெளியே வேப்பமர நிழலிலேயே நிற்பாள்.

அப்போது வெளியூரிலிருந்து வந்த ஒரு குழு இந்த வெள்ளைப் படுதாவைக் கொடுத்தது. 4 மீட்டருக்கு 6 மீட்டர். செஞ்சிலுவை இயக்கமும் ஐ.நா. அகதிகள் முகமையும் பேசி வைத்து ஒரே அளவில், ஒரே தரத்தில் வாங்குகிற வகை அது. எந்த நாட்டில் அவர்கள் கொடுத்தாலும் அதே 4-க்கு 6, கட்டுவதற்கு அதே பட்டை. இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் கறுப்பு இழை. நீளவாக்கில் கெட்டியான பட்டைகள், பட்டையில் வரிசையாக ஓட்டைகள். எந்த இடத்தில் வேண்டுமானாலும் கயிறு கட்டலாம், வளையம் பிய்ந்து போகிற பேச்சே இல்லை. எடை ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது ஏறத்தாழ 200 ஜி.எஸ்.எம்.

நடுவில் ஏன் கறுப்பு என்று நான் அக்காவைக் கேட்டேன். "ராத்திரி உள்ள வெளக்கு வச்சுட்டு துணி மாத்துனா வெளிய நெழல் தெரியாதுடி. அதுக்குத்தான்" என்றாள். யாரோ ஒருவர், எந்த நாட்டிலோ ஒரு மேசையில் உட்கார்ந்து, கொட்டகைக்குள் விளக்கு வைத்துக்கொண்டு புடவை மாற்றுகிற ஒரு பெண்ணை நினைத்துப் பார்த்திருக்கிறார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. இருபது வருஷமாக அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா அந்தப் படுதாவுக்குக் கீழே படுத்திருந்த அதே நாட்களில் உலகத்தில் நடந்துகொண்டிருந்ததைப் பிறகு பழைய பேப்பர்களில் படித்தேன். சுனாமிக்கு மறுநாள், டிசம்பர் 27, ஐ.நா.வின் நிவாரணப் பொறுப்பில் இருந்த நார்வேக்காரர் யான் ஈகலாந்து, பணக்கார நாடுகள் கஞ்சத்தனமாக இருக்கின்றன என்று பேசினார். அமெரிக்காவுக்குக் கோபம். எந்த நாட்டையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்று அவர் பிறகு விளக்கம் கொடுத்தார். ஆனால் அமெரிக்கா முதலில் அறிவித்திருந்த 15 மில்லியன் டாலர் 35 மில்லியன் ஆனது, வருஷம் முடிவதற்குள் 350 மில்லியன் ஆனது. ஜப்பான் 500 மில்லியன் டாலர் என்றது. ஜெர்மனி 500 மில்லியன் யூரோ என்றது. ஆஸ்திரேலியா 100 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்றது. பத்தே நாளில் இத்தனையும். நாகை துறைமுகத்தில் விடியற்காலையில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு அந்தக் குரல் தெரியும். பக்கத்தில் நிற்கிறவன் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த விலையைச் சொல்வான், கூடையில் என்ன மீன் என்று பார்த்து அல்ல.

கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. போட்டியில் வந்த பணமும் பணம்தான், அதில் எத்தனையோ பேர் வீடு கட்டியிருப்பார்கள். என் மனக்குறை வேறு. அந்தச் சில நாட்களில் உதவியைவிட உதவுகிறவர்களைப் பற்றிய பேச்சுதான் பெரிதாக இருந்தது. அமெரிக்கா, இந்தியா, ஜப்பான், ஆஸ்திரேலியா நான்கும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. இது ஐ.நா.வை ஓரங்கட்டுகிற வேலை என்று பிரிட்டனின் முன்னாள் அமைச்சர் கிளேர் ஷார்ட் கண்டித்தார். ஜனவரி 6-ஆம் தேதி ஜகார்த்தாவில் கூட்டம் கூடி, வேலையை ஐ.நா.விடமே விட்டுவிட்டு அந்தக் குழு கலைந்தது. இதே நான்கு நாடுகளின் கூட்டு இன்று குவாட் என்று பேப்பரில் வருகிறதே, அதன் முதல் விதை அந்தக் குழுதான். சுனாமியில் ஊரே போன ஆச்சே மாகாணத்தில், வெளிநாட்டுப் படைகள் மார்ச் 26-க்குள் கிளம்ப வேண்டும் என்று இந்தோனேசியா கெடு வைத்தது. சொந்த மண்ணில் அடுத்தவன் கப்பல் நிற்கிறதே என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் பிணம் எடுத்து முடிவதற்குள் அந்தப் பயத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது அந்த மக்களுக்கு.

இந்தியா அப்போது வெளிநாட்டு அரசுகளின் நிவாரணத்தை வேண்டாம் என்றது. எங்களால் சமாளிக்க முடியும் என்றது. அதோடு, தன் கரையிலேயே இத்தனை சாவு இருக்கும்போது இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. நாகையில் நின்றுகொண்டு அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இப்போதும் பெருமைதான். ஆனால் அக்காவின் தார் ஷீட் கொட்டகைக்குள் மத்தியானம் ஒரு மணிக்கு உட்கார்ந்து பார்த்தபோது, சமாளிக்க முடியும் என்று சொன்னவர்கள் யாராவது இங்கே ஒரு மணி நேரம் இருந்து பார்த்தார்களா என்று தோன்றியது. கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் மோசம். இலங்கையில் வடக்கு கிழக்குக்குப் போகும் நிவாரணத்தை யார் பங்கிடுவது என்பதே சண்டையாகி, அரசும் விடுதலைப் புலிகளும் ஒப்பந்தம் போடுவதை எதிர்த்து ஜே.வி.பி. என்ற கூட்டணிக் கட்சி ஆட்சியிலிருந்து விலகி, 2005 ஜூனில் அந்த ஒப்பந்தம் போட்டு, அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளை நிறுத்தி வைத்தது. முல்லைத்தீவில் கூரைக்குக் காத்திருந்த ஒருத்திக்கு அது எத்தனை மழை நாள்?

எல்லாவற்றிலும் என்னால் மறக்க முடியாதது பர்மா. 2008 மே மாதம் நர்கீஸ் புயல் அடித்தது ஐராவதி டெல்டாவில். நம்முடையதைப் போலவே ஆற்று வாய்க்கால், நெல், உப்பங்கழி, ஓலைக் கூரை. எங்கள் தாத்தா ரங்கூன் அரிசி சாப்பிட்ட கதையைச் சொல்வார், அந்த அரிசி விளைந்த மண். செத்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து ஏறத்தாழ 1,38,000 பேர். அமெரிக்க, பிரெஞ்சுக் கப்பல்கள் சாமானோடு கடலில் நின்றன. ராணுவ ஆட்சி உள்ளே விடவில்லை. அனுமதி இல்லாவிட்டாலும் இறக்க வேண்டும் என்று பிரான்ஸின் அமைச்சர் குஷ்னேர் பேசியதும் அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. இந்தியக் கடற்படையின் ராணா, கிர்பான் கப்பல்களை விட்டார்கள், ஏனென்றால் நம்மீது பயம் இல்லை. கடைசியில் அந்த வெளிநாட்டுக் கப்பல்கள் டெல்டாவில் ஒரு மூட்டைகூட இறக்காமல் திரும்பின. கரையிலிருந்து பார்க்கிற தூரத்துக்கு அப்பால் படுதாக் கட்டுகள் அடுக்கி நின்றிருக்கும், கரையில் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நனைந்திருப்பார்கள். இதை எழுதும்போதே தொண்டை அடைக்கிறது.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. 2018 ஆகஸ்டில் கேரளாவில் வெள்ளம். ஐக்கிய அரபு அமீரகம் 700 கோடி தருவதாகச் சொன்னதா, சொல்லவில்லையா என்று ஒரு வாரம் சண்டை. தொகை எதையும் இன்னும் அறிவிக்கவில்லை என்று அந்த நாட்டுத் தூதரே சொன்ன பிறகும் அடங்கவில்லை. முல்லைப் பெரியாறு தண்ணீரைத் திடீரெனத் திறந்ததும் வெள்ளத்துக்கு ஒரு காரணம் என்று கேரளா உச்ச நீதிமன்றத்தில் சொன்னது, தமிழ்நாடு மறுத்தது. அந்தச் சமயத்திலும் எங்கள் ஊர்ப் பெண்கள் வீட்டுக்கு ஒரு படி அரிசி எடுத்து லாரியில் ஏற்றினோம். மூன்றே மாதத்தில் எங்களுக்குக் கஜா. கேரள அரசு 10 கோடி கொடுத்தது. அதைவிட, அவர்களுடைய மின்வாரிய ஊழியர்கள் இங்கே வந்து கம்பம் நட்டார்கள். எங்கள் தெருவுக்கு வந்த ஒரு வயதானவருக்குத் தமிழ் அரைகுறை. இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டு கருப்பட்டிக் காபி கேட்டார். எங்களிடம் பால் இல்லை, கருப்பட்டி இருந்தது. அந்த மனிதரின் சட்டையில் எந்த எழுத்தும் இல்லை.

விமர்சனத்துக்கு வருகிறேன். என் படுதாவின் குறைகள்.

முதல் குறை, வேர்க்கும். ஈர நெல்லை இதால் இறுக்கி மூடி ஒரு இரவுக்கு மேல் வைத்தால் உள்ளே சூடேறி முளை விட்டுவிடும். எனக்கு 2021-இல் நாலு மூட்டை அப்படிப் போனது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள், மத்தியக் குழு வந்து தளர்வு கொடுக்கிற வரை அம்பாரத்தை மூடியும் திறந்தும் காவல் காக்க வேண்டும். மழை விட்டதும் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கம்பு கொடுத்து வையுங்கள். இரண்டாவது, எலி. மடித்த மடிப்பில்தான் கடிக்கும். ஒரு கடியில் எட்டு ஓட்டை. சைக்கிள் டியூப் பஞ்சர் பசை இதில் ஒட்டவே ஒட்டாது, முயற்சி செய்யாதீர்கள். அதே ரகத் துண்டு ஒன்றை மேலே வைத்து, நடுவில் நியூஸ் பேப்பர் விரித்து, அயர்ன் பாக்ஸை அதிகச் சூடு இல்லாமல் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, கனம். பத்து கிலோ உலர்ந்திருக்கும்போது. நனைந்து சேறும் சேர்ந்தால் ஒரு பெண் தனியாகத் தூக்க முடியாது. தனியாக இருக்கிறவர்கள் 12-க்கு 18 இரண்டாக வாங்குங்கள்.

வெள்ளைப் படுதாவோடு ஒப்பிட்டால், கட்டுவதற்கு அது சுலபம், நிழலுக்கும் அதுதான். நெல்லுக்கு என்னுடையது. 2011-இல் அக்காவுக்குச் சுனாமி குடியிருப்பில் கான்கிரீட் வீடு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தபோது வெள்ளையை என்னிடம் கொடுத்தாள். கொடுத்தவர்களின் எழுத்து அதில் முக்கால்வாசி அழிந்திருந்தது. அதே இடத்தில் சிவப்புப் பெயிண்டில் தன் பெயரை எழுதியிருந்தாள், குடியிருப்பில் மாறிப் போகாமல் இருப்பதற்காக. கொள்முதல் நிலையத்திலும் அப்படித்தான், எல்லாருடைய படுதாவிலும் மூலையில் பெயர் இருக்கும். எனதிலும் இருக்கிறது.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தது. இலங்கையில் மலைச்சரிவிலும் வெள்ளத்திலும் 600 பேருக்கு மேல் செத்தார்கள். அதே மழை எங்கள் பக்கமும் கொட்டி, சம்பா தண்ணீருக்குள் நின்றது. இரண்டு நாள் படுதா கன்றுகுட்டிக் கொட்டகை மேல் இருந்தது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. கரண்ட் வந்ததும் டி.வி.யைப் போட்டால், இந்தியக் கப்பல்கள் கொழும்பில் சாமான் இறக்குகின்றன. கூடவே, பாகிஸ்தானின் நிவாரண விமானத்துக்கு வான்வழி அனுமதியை இந்தியா இழுத்தடித்தது என்று அவர்களும், கேட்ட சில மணி நேரத்தில் கொடுத்துவிட்டோம் என்று நாமும். பாகிஸ்தான் அனுப்பிய பொட்டலங்களில் 2024 அக்டோபரோடு காலாவதி என்ற தேதி தெரிகிறது என்று படங்கள் வேறு. என் மகன் சிரித்துக்கொண்டே செல்போனில் காட்டினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுனாமிக்கு நாகை ரோட்டோரத்தில் பழைய துணி மலையாகக் குவிந்து மழையில் மக்கிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதில் கம்பளி ஸ்வெட்டர்கள் இருந்தன. அனுப்பியதெல்லாம் நம் நாட்டுக்காரர்கள்தான். காலாவதிப் பொட்டலமாக இருந்தாலும், 75 ஜி.எஸ்.எம். நீலப் படுதாவாக இருந்தாலும், அனுப்புகிறவர் ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்திருக்கலாம். தேதியைத் திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

என் மதிப்பெண்: ஐந்துக்கு நாலு. வேர்ப்பதற்காக ஒன்று குறைத்தேன். அக்காவின் வெள்ளைக்கு ஐந்துக்கு ஐந்து, ஆனால் அந்த ரகம் இங்கே கடையில் கிடைக்கவில்லை. பாயிடம் கேட்டிருக்கிறேன், விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நீலத்துக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

டிட்வாவுக்குப் பிறகு அதே 18-க்கு 24 படுதா 3,400 ரூபாய் ஆகியிருந்தது. தை அறுவடைக்கு முன்னால் ஒன்று வாங்கினேன். இந்த முறை பாய் எடுத்து வைப்பதற்கு முன்பே நானே தூக்கித் தராசில் வைத்தேன். பத்து கிலோ ஐம்பது கிராம்.